அமெரிக்க காங்கிரஸில் விதியை மாற்றுவது யார்? கட்சி ஒற்றுமை, 60 ஓட்டு, சபாநாயகர் நாற்காலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள், செலவு மசோதா நிறைவேறாததால், அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்தது. பல அலுவலகங்கள் பூட்டியிருந்தன, லட்சக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அதிபர், காங்கிரஸின் இரண்டு சபைகளான செனட், பிரதிநிதிகள் சபை, மூன்றும் குடியரசுக் கட்சி என்ற ஒரே கட்சியின் கையில் இருந்தபோது இது நடந்தது. "பெரும்பான்மை இருந்தும் ஏன் முடியவில்லை? விதிதான் தடை என்றால் அதை மாற்றிவிட வேண்டியதுதானே?" என்று பலரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கும், அதைத் தொட்டு வரும் மற்ற கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த பதில்கள் இங்கே.

செனட்டில் ஆளும் கட்சிக்கு 53 பேர். பிறகு ஏன் செலவு மசோதா நிறைவேறவில்லை?

செனட்டில் மொத்தம் 100 பேர். ஒரு மசோதாவை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஓட்டெடுப்புக்கு வருவதற்கு முன்னால், "விவாதம் போதும், முடித்துக்கொள்வோம்" என்று இன்னொரு ஓட்டெடுப்பில் ஜெயிக்க வேண்டும். இதற்குப் பெயர் குளோச்சர். அதற்கு 60 பேர் வேண்டும். 53 பேர் இருந்தும் பலமுறை அந்த முதல் கதவிலேயே மசோதா நின்றுபோனது. கடைசியில் நவம்பர் 9 அன்று ஜனநாயகக் கட்சி அணியிலிருந்து 8 பேர் இந்தப் பக்கம் வந்து ஓட்டுப் போட்டார்கள், 60-40 என்று கதவு திறந்தது. குடியரசுக் கட்சியில் ஒருவர் எதிர்த்ததையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 52 + 8, மிகச் சரியாக 60.

ஃபிலிபஸ்டர் என்றால் நின்றபடி மணிக்கணக்கில் பேசுவதுதானே?

ஒரு மசோதாவை ஓட்டுக்கு விடாமல் விவாதத்தை இழுத்துத் தடுப்பதற்குப் பெயர் ஃபிலிபஸ்டர். ஒரு காலத்தில் நின்று பேசித்தான் தடுத்தார்கள். 1957-ல் கறுப்பினத்தவருக்கான சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். அந்தச் சாதனையை 2025 ஏப்ரலில் கோரி புக்கர் 25 மணி நேரத்துக்கு மேல் பேசி முறியடித்தார், ஆனால் அவர் எந்த மசோதாவையும் தடுக்கப் பேசவில்லை, அதிபரை எதிர்த்துத் தன் நிலையைப் பதிவு செய்யத்தான் பேசினார்.

1970-களின் தொடக்கத்தில் செனட் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது: ஒரு மசோதா தடைபட்டு நின்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம். சபை முடங்காமல் இருக்க வந்த நல்ல யோசனைதான். ஆனால் தடுப்பவருக்கு இருந்த சிரமம் அதோடு போய்விட்டது. இப்போது 41 பேர் "ஒப்புக்கொள்ள மாட்டோம்" என்று இருந்தாலே போதும், ஒருவரும் எழுந்து பேச வேண்டியதில்லை. இன்றைய சிக்கலில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து, ஏனென்றால் உடம்பு நோகாமல் தடுக்க முடியும்போது எல்லாவற்றையும் தடுக்கத் தோன்றும்.

இந்த 60 அரசியல் சாசனத்தில் இருக்கிறதா?

இல்லை. உடன்படிக்கைகளுக்கும், அதிபரின் வீட்டோவைத் தாண்டுவதற்கும், பதவி நீக்க விசாரணையில் குற்றத்தீர்ப்புக்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சாசனம் சொல்கிறது. சாதாரண மசோதாவுக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு சபையும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

விவாதத்தை முடிக்கும் வழியே செனட்டில் நீண்ட காலம் இல்லாமல்தான் இருந்தது. 1917-ல், முதல் உலகப் போர் நேரம், வணிகக் கப்பல்களில் ஆயுதம் வைக்க அதிபர் வில்சன் கேட்ட மசோதாவை ஒரு சிறு குழு கூட்டத்தொடர் முடியும்வரை பேசியே சாகடித்தது. நாடு கொதித்தது. சில நாட்களிலேயே 76-3 என்ற ஓட்டில் குளோச்சர் விதி வந்தது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று. 1975-ல் அது ஐந்தில் மூன்றாக, அதாவது 60 ஆகக் குறைந்தது.

அப்போதெல்லாம் அந்த எண்ணிக்கையை எப்படித் திரட்டினார்கள்?

கட்சியைத் தாண்டித்தான். 1964 சிவில் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சிக்குப் பெரிய பெரும்பான்மை இருந்தது, ஆனால் அதன் தென்மாநில உறுப்பினர்களே மசோதாவின் கடும் எதிரிகள். எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு வராமல் அது நடந்திருக்காது. ஜூன் 10 அன்று குளோச்சருக்கு ஆதரவாக 71 ஓட்டு: ஜனநாயகக் கட்சி 44, குடியரசுக் கட்சி 27. அன்று கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் சபைக்கு வந்தார். மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. அவர் பெயரை அழைத்தபோது கையைத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ஆதரவு ஓட்டுக்கும் ஒரே உச்சரிப்பு, எழுத்தர் அதை ஆதரவு என்று பதிவு செய்தார். அடுத்த மாதக் கடைசியில் அவர் இறந்துவிட்டார்.

இன்று நடப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இரண்டு கட்சிகளும் உள்ளுக்குள் பிளந்து கிடந்த காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு திரட்டுவது கடினம், ஆனால் முடியாத காரியம் அல்ல. இரண்டும் தனித்தனியே கெட்டியாக இறுகிவிட்ட பிறகு 60-கூட மலையாகிவிட்டது.

சரி, விதியை மாற்ற எத்தனை ஓட்டு வேண்டும்?

புத்தகப்படி: விதியைத் திருத்தும் தீர்மானத்தின் மீதான விவாதத்தை முடிக்கவே வந்து ஓட்டுப் போடுபவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எல்லாரும் வந்தால் 67.

நடைமுறையில்: 51. எப்படி என்று 2013 நவம்பர் 21-ஐ அருகில் போய்ப் பார்த்தால் புரியும். தலைநகரிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒபாமா நியமித்த மூன்று நீதிபதிகளுக்குச் செனட் ஒப்புதல் கிடைக்காமல் குடியரசுக் கட்சி தடுத்து வைத்திருந்தது. ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட், அவர்களில் ஒருவரான பட்ரீசியா மில்லெட்டின் நியமனத்தின் மீதான குளோச்சரை மறுபடி ஓட்டுக்குக் கொண்டுவந்தார். 60 கிடைக்கவில்லை. உடனே எழுந்து ஓர் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார்: உச்ச நீதிமன்றம் தவிர மற்ற எல்லா நியமனங்களுக்கும் குளோச்சர் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறும் என்று. சபைத் தலைவர் இருக்கையில் அமர்ந்திருந்தவர் பேட்ரிக் லீஹி, ரீடின் கட்சிக்காரர்தான். விதியில் இருப்பது ஐந்தில் மூன்று என்பதால், ஒழுங்குப் பிரச்சினை செல்லாது என்று தீர்ப்பு சொன்னார். ரீட் அந்தத் தீர்ப்பை எதிர்த்துச் சபையிடமே மேல்முறையீடு செய்தார். தலைவரின் தீர்ப்பு மீதான மேல்முறையீட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 52 பேர் தீர்ப்பு தவறு என்றார்கள், 48 பேர் சரி என்றார்கள். அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து அதுதான் முன்னுதாரணம். அமெரிக்கப் பத்திரிகைகள் இதை அணு ஆயுத வழி என்று எழுதுகின்றன.

அன்று ஜனநாயகக் கட்சி அணியில் 55 பேர் இருந்தார்கள். கார்ல் லெவின், ஜோ மான்சின், மார்க் பிரையர் மூவரும் தலைவரோடு போகவில்லை. ஐந்து பேர் வரை இழக்கலாம் என்ற நிலை, ஏனென்றால் 50-50 என்றால் துணை அதிபர் வந்து ஓட்டுப் போடுவார். மூன்று பேர் போனதால் பாதகமில்லை.

விதியின் எழுத்தையாவது திருத்தினார்களா?

இல்லை, இன்றுவரை இல்லை. 22-ஆம் விதியைத் திறந்து பார்த்தால் ஐந்தில் மூன்று என்றே இருக்கும். எழுத்து ஒன்று சொல்கிறது, சபை வேறொன்று செய்கிறது.

எனக்கு இதில் கடுமையான ஆட்சேபம் உண்டு. பெரும்பான்மை விதியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் விதியை மாற்றத்தான் செய்வார்கள், ஒரு தலைமுறை எழுதியது அடுத்த தலைமுறையைக் கட்டிப்போட வேண்டியதில்லை. ஆனால் "விதியை மாற்றுகிறோம், காரணம் இது" என்று வெளிப்படையாகத் திருத்தம் கொண்டுவந்து விவாதித்து மாற்றுவது வேறு, விதி சொல்வதற்கு நேர்மாறாக அது சொல்கிறது என்று ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பது வேறு. இரண்டாவது முறையில், அடுத்து வருகிறவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லையே இல்லாமல் போகிறது.

அடுத்து வந்தவர்கள் அதைச் செய்தார்களா?

செய்தார்கள். வருத்தப்படுவீர்கள், நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரமே வருத்தப்படுவீர்கள் என்று 2013-ல் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் எச்சரித்தார். 2017 ஏப்ரல் 6 அன்று அவரே அதே வழியில், அதே 52-48 ஓட்டில், உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் 60 வேண்டாம் என்று ஆக்கினார். இந்த முறை அவர் கட்சியில் ஒருவர்கூட விலகவில்லை. மறுநாள் நீல் கோர்சச் 54-45 என்று நீதிபதியானார். அதன் பிறகு வந்தவர்களைப் பாருங்கள்: பிரெட் கேவனா 50-48, ஏமி கோனி பேரட் 52-48, கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் 53-47. நான்கு பேரில் ஒருவருக்கும் 60 கிடைக்கவில்லை. வாழ்நாள் பதவி அது.

2019-ல் பெரும்பாலான நியமனங்களுக்குக் குளோச்சருக்குப் பிந்தைய விவாத நேரம் 30 மணியிலிருந்து 2 மணியாகச் சுருங்கியது. 2025 செப்டம்பரில் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் ஜான் தூன் தலைமையில் நியமனங்களை ஒவ்வொன்றாக அல்லாமல் கட்டாகச் சேர்த்து நிறைவேற்ற வழி செய்தார்கள், அந்த மாதம் 18 அன்று 48 பேர் ஒரே ஓட்டில் உறுதியானார்கள். எல்லாமே அதே மேல்முறையீட்டு வழிதான்.

அப்படியென்றால் மசோதாக்களுக்கான 60-ஐ மட்டும் ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். சட்டத் தடை எதுவும் இல்லை, நாளைக் காலையில்கூட எடுத்துவிடலாம். தடுப்பது, பெரும்பான்மைக் கட்சிக்குள்ளேயே மறுக்கிற சிலர். விதி நிற்பதும் விழுவதும் அவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது.

மூன்று முறை இதை நேராகப் பார்த்திருக்கிறோம். 2005-ல் புஷ் நியமித்த நீதிபதிகளுக்காகக் குடியரசுக் கட்சித் தலைவர் பில் ஃபிரிஸ்ட் இதே வழியில் இறங்கத் தயாரானார், 55 பேர் அவர் கையில். இரண்டு கட்சியிலிருந்தும் ஏழேழு பேர், ஜான் மெக்கெய்ன் போன்றவர்கள், மே 23 அன்று ஓர் உடன்பாட்டோடு வந்தார்கள்: மிக அசாதாரணமான சூழலில் தவிர நியமனங்களைத் தடுக்க மாட்டோம் என்று ஜனநாயகக் கட்சி ஏழு பேர், விதியை உடைக்க ஓட்டுப் போட மாட்டோம் என்று குடியரசுக் கட்சி ஏழு பேர். 55-ல் ஏழு போனால் 48, ஃபிரிஸ்டின் திட்டம் அன்றே முடிந்தது.

2022 ஜனவரி 19 அன்று ஜனநாயகக் கட்சித் தலைவர் சக் ஷூமர் வாக்குரிமை மசோதா ஒன்றுக்காக, எதிர்ப்பவர்கள் உண்மையிலேயே எழுந்து பேச வேண்டும் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார். சபை 50-50, துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஷூமர் பக்கம். ஒருவரைக்கூட இழக்க முடியாது. மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் மறுத்தார்கள், 48-52 என்று தோற்றது. இதே மான்சின்தான் 2013-லும் மறுத்தவர் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, தொடக்கத்தில் சொன்ன அரசு முடக்கம். அக்டோபர் கடைசியில் டிரம்ப் ஃபிலிபஸ்டரை ஒழித்துவிடுங்கள் என்று தன் கட்சி செனட்டர்களிடம் வெளிப்படையாகக் கேட்டார். தூன் முடியாது என்றார், அதற்கான ஓட்டு தன் கட்சிக்குள்ளேயே இல்லை என்பது அவருக்குத் தெரியும். 53-ல் மூன்று பேர் விலகினால் துணை அதிபர் ஓட்டோடு சமாளிக்கலாம், நான்காவது ஆள் விலகினால் கதை முடிந்தது.

மான்சின், சினிமா செய்தது கட்சித் துரோகம் இல்லையா?

அன்று பலர் அப்படித்தான் சொன்னார்கள். அரிசோனா ஜனநாயகக் கட்சி சினிமாவைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது. அவர் அந்த ஆண்டு டிசம்பரில் கட்சியை விட்டு விலகினார், மான்சின் 2024-ல் விலகினார், இருவரும் மறுபடி போட்டியிடவில்லை.

அந்த வாக்குரிமை மசோதா நிறைவேறியிருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு, அதில் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் துரோகம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. கட்சிக்குள் முடியாது என்று சொல்ல ஆளில்லாத சபையில் விதிப் புத்தகம் வெறும் காகிதம்தான். 2022-ல் அந்த விதி மாறியிருந்தால் 2025-ல் யார் கையில் அது இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2017-ல் செனட்டர்கள் 61 பேர், இரண்டு கட்சியையும் சேர்ந்தவர்கள், மசோதாக்களுக்கான இந்த உரிமையைக் காப்பாற்றுங்கள் என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். ஐந்து ஆண்டு கழித்து அதில் கையெழுத்திட்ட ஜனநாயகக் கட்சியினரில் பலர் எதிர்ப்பக்கம் நின்றார்கள். நிலை மாறாமல் நின்றவர்களைத்தான் துரோகி என்று அழைத்தார்கள்.

60 இல்லாமலே பெரிய வரிச் சட்டங்கள் நிறைவேறுகின்றனவே?

1974 பட்ஜெட் சட்டம் தந்த குறுக்கு வழி அது. வரி, செலவு, கடன் சம்பந்தப்பட்ட மசோதாக்களுக்கு விவாதம் 20 மணி நேரம்தான், பேசித் தடுக்க முடியாது. பட்ஜெட்டோடு தொடர்பில்லாத விஷயங்களை அதில் நுழைக்கக் கூடாது என்று பேர்ட் விதி தடுக்கிறது.

பிரதிநிதிகள் சபையிலும் இந்தத் தொல்லை உண்டா?

அங்கே வேறு மாதிரி. 435 பேர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய சபை கூடும் முதல் நாள் விதிகளையும் புதிதாகச் சாதாரணப் பெரும்பான்மையில் ஏற்றுக்கொள்கிறார்கள். சிறுபான்மை தடுக்க வழியில்லை. ஆனால் அது எப்போதும் அப்படி இருக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் சிறுபான்மையின் ஆயுதம் மௌனம். உறுப்பினர்கள் இருக்கையிலேயே இருப்பார்கள், பெயர் அழைத்தால் பதில் சொல்ல மாட்டார்கள். பதில் சொல்லாதவர் வராதவர் என்று கணக்கு, குறைந்தபட்ச வருகை இல்லை என்று சபை நின்றுவிடும். 1890 ஜனவரி 29 அன்று சபாநாயகர் தாமஸ் பிராக்கெட் ரீட் (மேலே வந்த ஹாரி ரீட் வேறு, இவர் வேறு, குடியரசுக் கட்சி) பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களைத் தானே படித்து, வந்திருப்பதாகப் பதிவு செய்யச் சொன்னார். சபை அமளியானது. கென்டக்கியின் மெக்கிரியரி எழுந்து, என்னை வந்தவனாகக் கணக்கிட உங்களுக்கு உரிமையில்லை என்றார். கென்டக்கி உறுப்பினர் இங்கே இருக்கிறார் என்ற உண்மையைத்தான் சொல்கிறேன், அதை அவர் மறுக்கிறாரா என்று ரீட் கேட்டார். நின்றுகொண்டு, நான் இங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது?

ரீடின் பெரும்பான்மை மிகச் சிறியது, ஆனால் அவர் கட்சி முழுக்க அவர் பின்னால் நின்றது, அதனால்தான் அந்தத் தீர்ப்பு நின்றது. 1892-ல் உச்ச நீதிமன்றமும் இந்த முறை செல்லும் என்றது. அதற்குள் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மைக்கு வந்து ரீடின் விதியை எடுத்துவிட்டிருந்தது. ரீட் சும்மா இருக்கவில்லை. இப்போது சிறுபான்மைத் தலைவராகத் தன் ஆட்களையே மௌனமாக உட்காரச் சொன்னார். ஆளும் கட்சியில் பலர் சபைக்கே வராத வழக்கம் இருந்ததால் வேலை ஓடவில்லை, 1894-ல் அவர்கள் தாங்களே அந்த விதியைக் கொண்டுவந்தார்கள். தான் உண்டாக்கிய விதியை எதிரியின் கையாலேயே திரும்ப எழுதவைத்த மனிதர் அவர்.

அப்படியானால் அங்கே சபாநாயகர் வைத்ததுதான் சட்டமா?

கட்சி ஒற்றுமையாக இருக்கும்வரை. 1910-ல் சபாநாயகர் ஜோசப் கேனன் விதிக் குழுவின் தலைவராகவும் தானே இருந்தார், எந்த மசோதா வரலாம், யார் எந்தக் குழுவில் என்பதெல்லாம் அவர் இஷ்டம். மார்ச் மாதம் அவர் கட்சிக்காரரான ஜார்ஜ் நாரிஸ் கொண்டுவந்த தீர்மானம், குடியரசுக் கட்சிக் கலகக்காரர்களும் எதிர்க்கட்சியும் சேர்ந்து, 191-156 என்று நிறைவேறி அவரை அந்தக் குழுவிலிருந்து வெளியேற்றியது. கேனன் உடனே, முடிந்தால் என்னைப் பதவியிலிருந்தே இறக்குங்கள் என்று அழைப்பு விடுத்தார். அந்தத் தீர்மானம் 155-192 என்று தோற்றது. அதிகாரத்தைப் பிடுங்கியவர்கள் ஆளை இறக்கத் துணியவில்லை.

2023-ல் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியை இறக்கியது அதே தீர்மானம்தானா?

அதே வகைதான். 2015 ஜூனில் குடியரசுக் கட்சித் தலைமைக்கு எதிராக ஒரு நடைமுறை ஓட்டில் ஓட்டுப் போட்டதற்காக மார்க் மெடோஸின் துணைக்குழுத் தலைவர் பதவி பறிபோனது. சக உறுப்பினர்கள் கொதித்ததில் சில நாளிலேயே திரும்பக் கிடைத்தது. அடுத்த மாதம் அவர் சபாநாயகர் ஜான் பெய்னரை இறக்கும் தீர்மானத்தைத் தாக்கல் செய்தார். அது ஓட்டுக்கு வராமலே செப்டம்பரில் பெய்னர் விலகுவதாக அறிவித்தார். இதைப் பார்த்திருந்த நான்சி பெலோசி, 2019-ல் சபாநாயகரானபோது, ஒரு கட்சி முழுமையாகத் தீர்மானித்தால்தான் இப்படி ஒன்றைக் கொண்டுவரலாம் என்று விதியை இறுக்கினார்.

2023 ஜனவரியில் குடியரசுக் கட்சிக்கு 222 இடம், மெக்கார்த்திக்கு எதிராக அவர் கட்சியிலேயே ஒரு சிறு குழு. நான்கு நாளுக்கு மேல் இழுத்து, 15 சுற்று ஓட்டெடுப்புக்குப் பிறகுதான் ஜெயித்தார். முதல் சுற்றிலேயே முடியாமல் போனது 1923-க்குப் பிறகு அதுவே முதல்முறை. அந்த ஓட்டுகளை வாங்க அவர் கொடுத்த விலைகளில் ஒன்று: எந்த ஒரு உறுப்பினரும் தனியாகவே இறக்கும் தீர்மானம் கொண்டுவரலாம். அக்டோபர் 2 அன்று மாட் கேட்ஸ் அதைப் பயன்படுத்தினார். மறுநாள் அவர் கட்சியில் 8 பேர், ஜனநாயகக் கட்சியில் 208 பேர், 216-210 என்று நாற்காலி காலியானது. அமெரிக்க வரலாற்றில் ஒரு சபாநாயகர் இப்படி இறக்கப்பட்டது அதுவே முதல்முறை. மைக் ஜான்சன் வரும்வரை மூன்று வாரம் சபை எதையும் செய்யவில்லை.

கட்சியில் ஒற்றுமை இல்லாததால் விதி மாறியது, மாறிய விதி இருந்த கொஞ்ச ஒற்றுமையையும் தின்றது. 222 பேரில் 8 பேர் என்றால் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை.

2024 மே மாதம் மார்ஜரி டெய்லர் கிரீன் ஜான்சனுக்கு எதிராக அதே தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது எதிர்க்கட்சியில் பெரும்பாலோர் ஜான்சனைக் காப்பாற்றினார்கள், 359-43. 2025 ஜனவரியில் விதியை மறுபடி இறுக்கி, ஆளும் கட்சியிலிருந்து 9 பேர் சேர்ந்தால்தான் கொண்டுவர முடியும் என்று ஆக்கிவிட்டார்கள்.

கட்சிக் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகாதா?

இந்தியாவில் போகும். 1985-ல் சேர்த்த பத்தாவது அட்டவணைப்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம். அந்தப் பழக்கத்தில் அமெரிக்காவைப் பார்ப்பதால்தான் நமக்குக் குழப்பம். அங்கே கொறடா எண்ணிப் பார்ப்பார், கெஞ்சுவார், மிரட்டுவார், ஆனால் ஆளை நீக்க முடியாது. குழுப் பதவி, தேர்தல் நிதி, அடுத்த உள்கட்சித் தேர்தலில் எதிராளியை நிறுத்துவோம் என்ற பயம், இவைதான் கருவிகள். இவற்றுக்கு அஞ்சாதவரை ஒன்றும் செய்ய முடியாது.

சபாநாயகர் சொல்லியும் சொந்தக் கட்சி கேட்காத சமீபத்திய உதாரணம் ஏதாவது?

2025 ஏப்ரல் 1. குழந்தை பெற்ற உறுப்பினர்கள் 12 வாரம் வரை இன்னொருவர் மூலம் ஓட்டுப் போட அனுமதிக்கும் விதி மாற்றத்தைக் குடியரசுக் கட்சியின் அன்னா பாலினா லூனாவும் ஜனநாயகக் கட்சியின் பிரிட்டனி பீட்டர்சனும் கொண்டுவந்தார்கள். தலைமை இடம் தராததால் 218 கையெழுத்துத் திரட்டி, தலைமையைத் தாண்டி நேராக ஓட்டுக்கு விடும் மனு வழியாக வந்தார்கள். பீட்டர்சன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே சபைக்கு வந்து பேசினார். சபாநாயகர் ஜான்சன் அந்த மனுவைச் செல்லாமல் ஆக்கும் ஒரு வரியை வேறு மசோதாக்களை எப்படி விவாதிப்பது என்று சொல்லும் விதித் தீர்மானத்துக்குள் வைத்தார். அவர் கட்சியிலேயே 9 பேர் எதிர்த்து ஓட்டுப் போட, 206-222 என்று அது தோற்றது. அந்த வாரத்துக்கு மீதி வேலைகளை ரத்து செய்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு லூனாவும் ஜான்சனும் சமரசம் செய்துகொண்டார்கள்: வர முடியாதவருக்காக, எதிர்ப்பக்கம் ஓட்டுப் போடும் ஒருவர் தானும் ஓட்டுப் போடாமல் ஈடுகட்டும் பழைய ஜோடி முறை. பீட்டர்சன் கேட்டது அது இல்லை. பச்சைக் குழந்தையோடு இருக்கிற ஒரு தாய் தன் தொகுதியின் ஓட்டைப் போட, எதிர்ப்பக்கத்தில் ஒருவரின் தயவைத் தேட வேண்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். இரண்டு சபைகளும் ஒவ்வொரு பெயர்வழி ஓட்டெடுப்பையும் இணையத்தில் வெளியிடுகின்றன, இலவசம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். செனட் விதி மாற்றங்களில் சபை முன் வைக்கப்படும் கேள்வி "தலைவரின் தீர்ப்பு நிற்கட்டுமா?" என்பது. ஆகவே ஆதரவு ஓட்டு என்றால் பழைய விதி நிற்கட்டும் என்று அர்த்தம், எதிர்ப்பு ஓட்டு என்றால் மாற்று என்று அர்த்தம். 2013 பதிவைத் திறந்தால் ஆதரவு 48, எதிர்ப்பு 52 என்று இருக்கும். 48-ல் மெக்கானலும் அவர் கட்சியினரும், அவர்களோடு லெவின், மான்சின், பிரையர். ஹாரி ரீடின் பெயர் எதிர்ப்புப் பட்டியலில் இருக்கும்.